அப்புக்காத்தும் பிறக்கிராசியும்

அவளுடைய கார் வந்துவிட்டதை, எனக்கு முன்னால் கதிரையில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வடக்கு எல்லையில் யாருடைய காணி என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்ப்பார்கள். முதுகு நிமிரும். பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார்கள். அதற்குப் பிறகு வடக்கு எல்லையை நான் இரண்டாம் தரம் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரிப் பக்கம் ஜன்னல் திறக்கும் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் இலவசமாகச் சட்ட உதவி செய்கிறோம். தொடங்கியது நான். மகள் முதலாம் வகுப்புக்குப் போன வருடம், மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. பங்குச் சுவாமியாரிடம் போய் மண்டபத்தைக் கேட்டதும், மேசையைத் துடைத்ததும், முதல் நாள் ஒருவரும் வராமல் மத்தியானம் வரை காத்திருந்ததும் நான். அவளை அழைத்ததும் நான்தான். வருகிறவர்களில் சிலருக்கு நீதிமன்றத்தில் எழுந்து நிற்க ஒருவர் தேவைப்பட்டார். என்னால் வாரநாட்களில் நீதிமன்றம் போக முடியாது. அவளால் முடியும்.

நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரே வருடம் சட்டக் கல்லூரியில் படித்தவர்கள், ஒரே போடிங் விடுதி அறையில் இருந்தவர்கள். அவள் தொண்டைமானாற்றுப் பக்கம், நான் சுன்னாகத்துக்கு இந்தப் பக்கம். பரீட்சைகளில் பெரும்பாலும் நான் முன்னால் நின்றேன். எந்தப் பாடத்தில் எந்தத் தவணையில் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் இரண்டு. அவளுடைய தாய் அவளோடு இருக்கிறா. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து, குளிக்க வார்த்து, சோறு கொடுத்து, ரியூசனுக்கு அனுப்பி வைக்கிறா. என்னுடைய தாய் கனடாவில் இருக்கிறா. அங்கே அண்ணையின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வந்து, சோறு கொடுத்து, இரவில் எனக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, "நீ ஏன் கோட்டுக்குப் போறேல்லை? படிப்பிச்ச படிப்பு வீணாப் போகுது" என்று கவலைப்படுகிறா. அண்ணையின் மேல் எனக்கு வேறு எந்தக் கோபமும் இல்லை.

கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. விடிய முன் பஸ், பொழுதுபட்டால்தான் வீடு. ஆகவே திங்கள் தொடக்கம் வெள்ளி வரை வீடும் பள்ளிக்கூட வாசலும் நான். இடைநேரத்தில் சாப்பாட்டு மேசையிலிருந்து உறுதி எனும் காணிப் பத்திரம் எழுதுகிறேன். நான் நொத்தாரிசும் கூட. காணி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வீட்டுக்கு வருவார்கள். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அவர்களுடைய கையெழுத்தைப் பார்ப்பேன். சனிக்கிழமை மட்டும் கணவர் வீட்டில் நிற்பார். அந்த ஒரு காலைதான் என் படிப்புக்கு நான் வைத்துக்கொண்டது.

அந்தக் காலைக்குள்ளும் அவளுடைய கார் வந்து நின்றது.

மண்டபத்துக்கு வழக்கமாக வரும், ஒருகாலம் படகும் வலையும் வைத்திருந்த வயதான சம்மாட்டி ஒருவர் இருக்கிறார். அவருக்கு இப்போது வழக்கு ஒன்றும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே இருந்து மற்றவர்களின் வழக்கைக் கேட்பதற்காக வருகிறவர். ஒருநாள் புதிதாக வந்த ஒருவருக்கு எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தினார்.

"உவ அப்புக்காத்து. இவ பிறக்கிராசி. முதல் இவவிட்டைச் சொல்லும். இவ எழுதி அவவிட்டைக் குடுப்பா."

அந்தக் காலத்தில் சட்டத்தரணிகளில் இரண்டு வகை இருந்தது. பிறக்கிராசி என்பவர் கட்சிக்காரரோடு இருந்து கதையைக் கேட்டு, பத்திரங்களைத் தயாரித்து, கட்டிக் கொடுப்பவர். அப்புக்காத்து என்பவர் அந்தக் கட்டை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுபவர். சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது, நான் பிறக்க முன்பே. இப்போது எல்லோரும் ஒரே சட்டத்தரணிதான் என்று சம்மாட்டிக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, சட்டத்திலை அப்பிடித்தான்" என்றார். பிறகு மற்றவரிடம் திரும்பி, "சொன்னன்தானே, இவ நல்ல பிறக்கிராசி" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். என்னை எல்லோரும் 'பிள்ளை' என்கிறார்கள். அவளை 'மேடம்' என்கிறார்கள். இருவருக்கும் ஒரே வயது. அவள் எனக்கு ஒரு மாதம் இளையவள்.

அந்த வாரமே வீட்டில் மகளும் தன் பங்குக்குச் செய்தாள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தவள், 'நான் வளர்ந்ததும்' என்ற தலைப்புக்குக் கீழே, அன்ரியைப் போல நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதியிருந்தாள்.

"ஏன், அம்மாவும் அதே படிப்புத்தானே?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனா நீங்கள் போறது மண்டபத்துக்கெல்லே?" என்றாள். குழந்தை குத்திக் காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

அப்படியான ஒரு காலத்தில்தான் மண்டபத்துக்கு ஒரு பெண் வந்தா. வெசாக் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை. மீன் கருவாடு போட்டு விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவ. மூத்தவளுக்கு ஆவணி முடிவில் கலியாணம் பேசி ஒப்புக்கொண்டாயிற்று. தாய்க்குச் சீதனமாக வந்த வளவும் வீடும் இப்போது மகளுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நல்ல சனம், ஆனால் உறுதி எழுதாமல் ஓலை வாசிக்க விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். உறுதி இல்லையென்றால் அறிவித்தல் இல்லை. அறிவித்தல் இல்லையென்றால் கலியாணம் இல்லை.

"காணி என்ரை பேரிலைதான் பிள்ளை. அம்மா தந்தது. நான் என்ரை பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு ஆரைக் கேக்கவேணும்?"

கேட்க வேண்டும். அதுதான் எங்கள் தேசவழமைச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணுக்குத் தாய் வழியாக வந்த காணி அவளுடையதுதான். ஆனால் கணவன் எழுத்தில் சம்மதம் தராமல் அதை விற்கவோ கொடுக்கவோ அவளால் முடியாது. நான் குடியிருக்கும் வீடும் எனக்குச் சீதனமாக வந்ததுதான். அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் வேகமாகிவிடும்.

"உங்கடை மனுசன் எங்கை?"

"தலையிடிக்குப் பனடோல் வாங்கப் போனவர்."

"எப்ப வருவார்?"

"அவர் போய் எத்தினையோ வருசம் பிள்ளை" என்றா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "இத்தாலியிலையாம். அங்கை பனடோல் மலிவாக்கும்."

மின்விசிறிக்குக் கீழிருந்த சம்மாட்டி வாய்விட்டுச் சிரித்தார். அவவும் சிரித்தா. பிறகு அவ சிரிப்பதை நிறுத்தினா, சம்மாட்டி நிறுத்தவில்லை. நான் அவரைப் பார்த்தேன்.

கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அவனுடைய சம்மதம் இல்லாமலே காணியைக் கொடுக்க மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். அதற்கும் வழி உண்டு. ஆனால் கைவிட்டான் என்பதைக் காட்ட வேண்டும். எப்போது போனான், எப்படிப் போனான்?

"மூத்தவள் ஓஎல் சோதினை எழுதின வருசத்துக்கு அடுத்த வருசம். பெரிய வியாழன் பூசைக்கு நாங்கள் வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறம். தலையிடிக்குது, கடைக்குப் போட்டு வாறன் எண்டு சேட்டைப் போட்டார். கால் கழுவுற சடங்குக்கு அவற்றை பேரையும் சுவாமி எழுதியிருந்தவர், பன்னிரண்டு பேரிலை ஒராளாய். கோயிலிலை ஒரு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. முழு ஊரும் பாத்தது. அந்த நாளை நான் மறப்பனே?"

பெரிய வியாழன் என்பது ஈஸ்டர் எனும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வியாழன்; அன்றைய பூசையில் சுவாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். வழக்கமாக நாளையும் மாதத்தையும் கண்டுபிடித்துப் போடாமல் நான் எழும்புவதில்லை. என் கணவர் என்னைப் 'பஞ்சாங்கம்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல் ஏறுகிறதென்று அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. 'நாள்: நாட்காட்டி பார்த்துப் போடவும்' என்று எழுதி, தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மற்ற வழக்குகளை அவளிடம் கொடுக்கும்போது வருகிற எரிச்சலோடு ஒப்பிட்டால், இதைக் கொடுத்தது கையிலிருந்து எதையோ பிடுங்கியதுபோல் இருந்தது. அந்த வெறுங்கதிரையை அந்தப் பெண் என்னிடம்தான் சொன்னா. அடுத்த சனிக்கிழமை வந்து என்னிடம் கேட்டது, "மேடம் வந்திட்டாவோ?"

விண்ணப்பம் நீதிமன்றத்தில் போடப்பட்டது. ஆனி கடைசியில் கணவனின் தமையன் எதிர்ப்பு மனுக் கொடுத்தான். அவன் பக்கத்து வளவில் இருக்கிறவன். தம்பி போன கையோடு வேலியைப் பிரித்து, தன் படகு இயந்திரங்களுக்கு ஒரு கொட்டிலை அவவின் காணிக்குள் போட்டுவிட்டவன். மகளுக்கு உறுதி எழுதினால் கொட்டிலைத் தூக்க வேண்டிவரும். தம்பி கைவிட்டுப் போகவில்லை, மனைவிக்குச் சொல்லித்தான் உழைக்கப் போனான், அவன் வரும்வரை காணியில் கைவைக்கக் கூடாது என்பது அவனுடைய வாதம்.

விசாரணைக்கு முந்திய வாரம், செவ்வாய்க்கிழமை, முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது.

"எடியே, எங்கடை கருவாட்டு அம்மா பொய் சொல்லிப்போட்டாவடி. தமையன்காரன் பாஸ்போட் கொப்பி போட்டிருக்கிறான். ஏப்ரல் முதல் கிழமையே மனுசன் கட்டுநாயக்காவாலை ஏறியிட்டான். நாங்கள் ஏப்ரல் நடுவிலை வீட்டை விட்டுப் போனவர் எண்டெல்லே சத்தியக்கடதாசி குடுத்திருக்கிறம்? வருசப்பிறப்புக்குப் பிறகு. பிளேனிலை ஏறினவன் பேந்து எப்பிடி வீட்டிலையிருந்து வெளிக்கிட்டவன்? ஜட்ஜ் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

கத்தியை வைத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டேன். பிறகு இன்னொரு தரம். அதில் ஒரு சுகம் இருந்தது. அவளுடைய குரலில் தடுமாற்றத்தை நான் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

பிழை எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது. அவள் பெரிய வியாழனை நாட்காட்டியில் பார்த்திருக்கிறாள். ஆனால் சுவரில் தொங்கிய இந்த வருட நாட்காட்டியில். சைவர்களான எங்களுக்குத் தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் எல்லா வருடமும் ஏறக்குறைய அதே ஆங்கிலத் திகதியில் வரும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு, பெரிய வியாழன் ஒவ்வொரு வருடமும் இடம் மாறும் என்பது நினைவுக்கு வரவில்லை. நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். உயிர்த்த ஞாயிறு நிலாவைப் பார்த்து நகர்வது என்று எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து தெரியும். எப்படிக் கணக்கிடுவது என்று நூலகத்தில் தேடி வாசித்தும் இருக்கிறேன்.

ஆனால் அந்த வருடத்துப் பெரிய வியாழன் எப்போது என்பதற்கு எனக்குக் கணக்கும் தேவைப்படவில்லை. மூத்தவள் ஓஎல் எழுதிய வருடத்துக்கு அடுத்த வருடம் என்பது என் மகன் பிறந்த வருடம். பிரசவ அறையில் குருநகர்த் தாதி ஒருவர் நின்றா. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து என்னை வெருட்டிக்கொண்டிருந்தா. "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, இண்டைக்குப் பெரிய வியாழன். கால் கழுவுற பூசைக்கு நான் போகவேணும். கெதியாய்ப் பெத்துத் தாங்கோ." பெற்றுக் கொடுத்தேன். அவ ஓடினா. என் மகனுடைய பிறந்தநாள் மார்ச் மாதத்துக் கடைசி வாரத்தில் வருகிறது.

மார்ச் கடைசியில் வீட்டை விட்டுப் போனவன் ஏப்ரல் முதல் வாரத்தில் விமானம் ஏறியிருக்கிறான். தமையன் கொடுத்த கடவுச்சீட்டுப் பிரதி அந்தப் பெண் சொன்னதைப் பொய்யாக்கவில்லை. அப்படியே உறுதிப்படுத்தியது.

மகனைப் பள்ளிக்கூட வாசலில் ஏற்றும்போது அவனைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"என்னம்மா? நான் ஒண்டும் செய்யேல்லை. ரீச்சர்தான் சும்மா எழுதினவ" என்றான்.

அன்று பின்னேரம் அவளுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அந்த மனுசி பொய் சொல்லேல்லை. பிழை எங்கை எண்டு எனக்குத் தெரியும்."

"சொல்லடி."

"சொல்லுறன். ஆனா புதன்கிழமை நான்தான் எழும்பி நிப்பன்."

அவள் மறுப்பாள், அல்லது இழுப்பாள், உனக்குப் பழக்கமில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் ஸ்கூட்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். "இதுக்கு ஏனடி பேரம் பேசுறாய்? எத்தினை தரம் உன்னைக் கூப்பிட்டிருப்பன்? வா. கறுப்புச் சீலை இருக்கோ, என்ரையைத் தரவோ?"

அவள் ஒரு கணம் தயங்கியிருந்தாலாவது எனக்கு நன்றாக இருந்திருக்கும். தன்னிடம் நிறைய இருக்கிறவர்களால்தான் இப்படி உடனே எடுத்துக் கொடுக்க முடியும். என் கறுப்புச் சேலை இருக்கிறது என்றேன். இருந்தது, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த வருடம் வாங்கியது. மடிப்பில் நிறம் மங்கியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து நான் வேலை செய்த விதத்தை என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பங்குச் சுவாமியாரிடம் போய், அந்த வருடத்துப் பரிசுத்த வாரத் திருச்சடங்குகளின் நாட்களைக் குறித்து ஒரு கடிதம் வாங்கினேன். அந்தப் பெண்ணைக் கொண்டு மேலதிகச் சத்தியக்கடதாசி ஒன்று தயாரித்தேன். அதில் அவ சொன்ன சொல்லையே வைத்து, சரியான நாளைப் பக்கத்தில் எழுதினேன். சமையலறையில் நின்று மிளகாய்த்தூள் போத்தலைப் பார்த்து, "கனம் நீதிபதி அவர்களே" என்று தொடங்கிப் பழகினேன்.

"இஞ்சேரும் பஞ்சாங்கம், புதன்கிழமை நான் லீவு போடுறன்" என்றார் கணவர். "ஆனா வழக்குத் தோத்தால் அந்த லீவை நீர் திருப்பித் தரவேணும்."

விசாரணை, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய வாரத்துப் புதன்கிழமை. யாழ்ப்பாண நீதிமன்ற வளாகத்தில் கச்சான் கடலை விற்கிறவர் தொடக்கம் தட்டச்சுக்காரர் வரை எல்லோரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினாள். "இண்டைக்கு இவதான். நான் சும்மா கட்டுத் தூக்க வந்தனான்." உண்மையிலேயே வழக்குக் கட்டை அவள்தான் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். அன்றைக்கு நான் அப்புக்காத்து, அவள் பிறக்கிராசி. சம்மாட்டி வந்து பார்க்கவில்லையே என்று இருந்தது.

அந்தப் பெண் நடைபாதையில் மகளோடு நின்றா. என்னைக் கண்டதும் முகம் விழுந்தது.

"மேடம் பேசேல்லையோ?"

"இவ பேசுவா. இவவுக்குத்தான் உங்கடை கதை முழுக்கத் தெரியும்" என்றாள் அவள்.

"ஓம்... பிள்ளையும் நல்லாத்தான் எழுதுறவ" என்று அந்தப் பெண் தன்னைத் தானே தேற்றிக்கொண்டா.

வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். குரல் முதல் வசனத்தில் கொஞ்சம் மெலிந்து, இரண்டாவதில் சரியாகிவிட்டது. தமையனின் சட்டத்தரணி பழைய ஆள், எதற்கும் அவசரப்படாதவர். என் மேலதிகச் சத்தியக்கடதாசியைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, கடவுச்சீட்டுப் பிரதியைக் காட்டும்வரை ஏப்ரல். காட்டிய பிறகு மார்ச். என் பக்கத்திலிருந்து இன்னொரு பத்திரம் வந்தால் பெப்ரவரிக்கும் போவார்கள் போலிருக்கிறது."

நீதிமன்றம் சிரித்தது. அந்தப் பெண்ணின் மகள் தாயின் கையைப் பிடித்தாள்.

நான் காத்திருந்த இடம் அதுதான். "விண்ணப்பதாரர் நாளை மாற்றவில்லை" என்றேன். "அவர் எப்போதும் ஒரே நாளைத்தான் சொல்லியிருக்கிறார், பெரிய வியாழன் என்று. இன்றைக்கும் அதையே சொல்கிறார். கால் கழுவும் சடங்கில் அவருடைய கணவரின் கதிரை வெறுமையாக இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அந்த நாளுக்கு ஆங்கிலத் திகதி போட்டது சட்டத்தரணிகளாகிய நாங்கள். அந்த வருடத்துப் பெரிய வியாழன் மார்ச் கடைசியில் வந்தது. பங்குத்தந்தையின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. எதிர்த்தரப்பு கொடுத்த கடவுச்சீட்டு எங்களுடைய கதையைத்தான் சொல்கிறது. பூசை நேரத்தில் மருந்து வாங்கப் போனவர் அடுத்த வாரம் நாட்டை விட்டே போயிருக்கிறார்."

சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி கடிதத்தைப் பார்த்தார், கடவுச்சீட்டுப் பிரதியைப் பார்த்தார். அவருடைய பேனா அசைவதை நான் கண்டேன். அந்த அறை என்னுடைய கையில் இருந்தது. அந்த உணர்வை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"திகதி போட்டது யார்?" என்று நீதிபதி கேட்டார். கோபமாக இல்லை. தலையை உயர்த்தாமல்.

நான் வாயைத் திறக்குமுன் எனக்குப் பின்னால் கதிரை அரைபட்டது.

"பிழை என்னுடையது, கனம் நீதிபதி அவர்களே" என்றாள் அவள். தெளிவாக, அவளுடைய அந்தக் குரலில். "இந்த வருட நாட்காட்டியைப் பார்த்து அந்த வருடத்துக்கு நாள் போட்டுவிட்டேன். விண்ணப்பதாரருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவருடைய உண்மை என்னுடைய கவனயீனத்தால் கெடக் கூடாது. என் தோழி கண்டுபிடித்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு இங்கே ஓர் உண்மை பேசும் பெண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றிருப்பேன்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இப்படிச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பின்வரிசைச் சட்டத்தரணிகள் தலையாட்டினார்கள். அறை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நீதிபதிக்கும் அவளுக்கும் நடுவில், மடிப்பு மங்கிய சேலையோடு, மறைத்துக்கொண்டு நின்றேன். எழும்பித்தான் நின்றேன், ஆனால் யாரும் கவனிக்கவில்லை.

அவள் திட்டமிட்டுச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரிந்தது. என் வாயால் அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டிவரக் கூடாது என்றுதான் எழுந்தாள். நான் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவள் என்னை அதைத் தெரிந்துகொள்ளவே விடவில்லை.

மத்தியானத்துக்கு முன் கட்டளை கிடைத்துவிட்டது. கணவனின் சம்மதம் இல்லாமலே வளவையும் வீட்டையும் மகளுக்குக் கொடுக்கலாம்.

நடைபாதையில் அந்தப் பெண் என்னைக் கடந்து போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "மேடம் எழும்பினாப் பிறகுதானே ஜட்ஜ் ஐயா எழுதினவர்! நான் பாத்துக்கொண்டெல்லே இருந்தனான்!"

"ஐயோ அம்மா, வெண்டது இவ. நான் பிழைவிட்ட ஆள்."

"மேடத்துக்கு எப்பவும் பகிடி" என்றா அந்தப் பெண். மகள் ஒரு பையை நீட்டினாள். உள்ளே உயிர் நண்டுகள். பை அசைந்துகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கும் பேந்து கொண்டுவந்து தாறன்" என்றா.

தாய்க்கும் மகளுக்கும் பஸ் வந்துவிட்டது. அவள் பையை என் கையில் வைத்தாள். "எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதெண்டு உனக்குத் தெரியுந்தானே. முகமெல்லாம் தடிக்கும். கொண்டு போ."

எனக்குத் தெரியும். போடிங் அறையில் அவளுக்கு முகம் தடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு முழுக்க அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தவள் நான். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் நண்டுக் குழம்பு. பிள்ளைகள் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்கள். "வழக்குக்குத் தந்ததோ? நல்ல நண்டு. இனி அடிக்கடி போம்" என்றார் கணவர். மகள் என்ன நடந்ததென்று விவரமாகக் கேட்டாள். பெரிய வியாழனையும் கடவுச்சீட்டையும் சொன்னேன். அன்ரி எழும்பிச் சொன்னதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அன்ரி சரியான தைரியம், என்ன?" என்றாள்.

"நண்டைத் தின்னு" என்றேன்.

நீதிமன்றக் கட்டளையைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார் உறுதிக்கு முன்பே சம்மதிக்க, அந்த வாரமே ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை, மண்டபத்தில் நன்கொடை உறுதி எழுதுவதென்று முடிவாயிற்று. நொத்தாரிசு நான். உறுதியில் இரண்டு சாட்சிகள் நேரில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு சாட்சி சம்மாட்டி. சேவ் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு நேரத்துக்கே வந்துவிட்டார். மற்றதற்கு மாப்பிள்ளையின் சிறிய தகப்பன் வந்திருந்தார்.

"மேடம் வைக்கட்டும்" என்றா அந்தப் பெண். "மேடத்தின்ரை கையெழுத்து இருந்தால் அவற்றை தமையன் கிட்டவும் வரான்."

"அவ இண்டைக்குப் பிந்துவா. பருத்தித்துறையிலை ஒரு செத்தவீடு."

"இருந்து வைப்பம் பிள்ளை. இவ்வளவு நாள் இருந்தம்."

சட்டப்படி ஒரு தடையும் இல்லை. சிறிய தகப்பன் பேனாவைக் கையில் எடுத்தே விட்டார். அந்தப் பெண் அவரிடமிருந்து அதை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தா. மற்றவர்களின் வேலையைப் பார்க்கச் சொன்னா. பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ் தொலைந்த ஒருவர், வேலிச் சண்டை ஒன்று. கணவரிடமிருந்து செய்தி வந்தது, மகளின் மாதிரிப் பரீட்சை முடிந்துவிட்டது, ஸ்கூட்டி இல்லாமல் எப்படிக் கூட்டி வருவதென்று. ஓட்டோ பிடிக்கச் சொன்னேன். மணப்பெண் கதவடியில் நின்றாள். சம்மாட்டி நித்திரையாகிவிட்டார்.

பிறகு நானும் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். எதிரே இருந்தவர் வடக்கு எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரை இரண்டாம் தரம் சொல்ல வைத்தேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தாள், செத்தவீட்டு வெள்ளைச் சேலையோடு, தலை கலைந்து. "மன்னிக்கோணும், எல்லாரையும் மறிச்சுப்போட்டன்" என்றாள். யாரும் மறித்ததாக நினைக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மணப்பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தாயும் மகளும் ஒப்பமிட்டார்கள், சம்மாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு இட்டார். அவள் தனக்குரிய இடத்தில், பாதி வரியை அடைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு கையெழுத்து வைத்தாள். கல்லூரியிலும் அப்படித்தான் வைப்பாள்.

நொத்தாரிசின் கையெழுத்துக் கடைசியில் வரும். அது இல்லாவிட்டால் மேலேயுள்ள ஒன்றுக்கும் பெறுமதி இல்லை. அவள் விட்டுவைத்த இடம் கொஞ்சந்தான். அதற்குள் என் பெயரை முழுமையாக, ஓர் எழுத்தும் சுருக்காமல் எழுதினேன். அந்தப் பெண் உறுதியை வாங்கி, இருகையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. பிறகு அவளிடம் போய், "மேடம், எல்லாம் சரியோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றா.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உறுதியை வாங்கி, வாசிக்காமலே, "இவ எழுதினதை நான் என்னத்தைப் பாக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.